இருக்கும்போதே பாராட்டுவோம்

அதிராம்பட்டினத்தில் பிறந்த உமர் தம்பி அவர்கள், இணையத்தில் தமிழ் எழுதுவோருக்காக 'தேனீ' எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கியவர். நேரில் பாராத நண்பர்கள்கூட அவரை மனமாரப் போற்றினர். 2010ஆம் ஆண்டு கோவை செம்மொழி மாநாட்டில் இணையத் தமிழ் அரங்கு ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் அவர் 2006லேயே மறைந்துவிட்டார்!

நம் வானவடியிலும் இத்தகையோர் உண்டு. ஒருவர் விழாவுக்கு முதல்நாளே வந்து நாற்காலி போடுவார். இன்னொருவர், பள்ளியில் மராத்தியும் இந்தியும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் அ, ஆ சொல்லித் தருவார். பொன்னாடையோ மேடையேறும் பிரமுகருக்கே போகிறது.

இரங்கல் கூட்டத்தில் சொல்லும் நல்ல வார்த்தைகளை அவர்கள் காதுபட இன்றே சொன்னால் என்ன? வரும் பொங்கல் விழாவில் முதல் பொன்னாடை அவர்களுக்கே என்று முடிவு செய்வோம். சங்கத்துக்கு அதுவே பெருமை.