பதினொரு ஒயர் போதும்!

1982-ல் அமெரிக்காவில் வந்த கமடோர் 64 வீட்டுக் கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட் தனி ரகம். அதற்கென்றே செய்த பிரின்டரோடுதான் பேசும். ஊரெல்லாம் விற்ற சென்ட்ரானிக்ஸ் பிரின்டரை மாட்ட வழியில்லை. ஆர்வலர்கள் சும்மா இருப்பார்களா? பின்பக்க ‘யூசர் போர்ட்’டில் கை வைத்தார்கள்.

எழுத்தைச் சுமக்க 8 ஒயர், ‘இந்தா, எடுத்துக்கோ’ என்று சொல்ல ஒன்று, ‘ஆச்சு, அடுத்தது?’ என்று பதில் வர ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று. கூடவே ஒரு குட்டி புரோகிராம். அவ்வளவுதான்!

ஆனால், பற்றவைக்கும்போது உஷார். அதே போர்ட்டின் இரண்டு பின்களில் 9 வோல்ட் ஏ.சி. இருக்கிறது. 5 வோல்ட்டில் ஓடும் சிஐஏ சிப்பில் அது பட்டால் கதை முடிந்தது. ஒரிஜினல் சிப் இப்போது தயாரிப்பிலேயே இல்லை. அதனால், மீட்டர் வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்த பிறகே சுவிட்சைப் போடுகிறார்கள்.

அப்படியும் முதல் பேப்பரில் ஒரு கூத்து: கமடோரின் எழுத்துக் குறியீடு வேறு என்பதால், சின்ன ‘ஏ’ பெரிய ‘ஏ’வாக வந்து விழும்!