இடம் தந்தோம் – மொழி தந்தோமா?

‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ – மேடையேறும் நம்மவர் எவரும் ஒருமுறையேனும் எடுத்தாண்டிடும் பழமொழி. ஆளவந்தார் நமது கோரிக்கைக்குச் செவி சாய்க்காதபோது அந்தப் பழமொழி தானாகவே நாவிலே வந்து நிற்கும், கூட்டமும் கைதட்டும். ஆனால், அந்தப் பழமொழி குற்றஞ்சாட்டுவது யாரை? கேளாதவனை! ஊதியவனை அல்ல! எதிரிலே இரு விழிகள் அகலத் திறந்திருக்கக் கண்டும், கேளாத காதைத் தேடிச் சென்று சங்கை ஊதினாயே, ஒரு விளக்கை ஏற்றிக் காட்ட ஏன் தோன்றவில்லை உனக்கு என்று ஊதியவனை ஒருவரும் கேட்டதில்லை.

கேட்கப்படாத அந்தக் கேள்வியை நமது கல்லூரிகளையும் தொழிற்பயிற்சி நிலையங்களையும் நோக்கி இன்று கேட்டிட விழைகிறேன்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் கேட்கும் திறனில் குறையுடையோர் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். நார்வே நாட்டு மக்கள் அனைவரையும் ஓரிடத்தில் கூட்டினால் ஏறத்தாழ இத்தனை பேர்தாம் தேறுவர். இவர்கள் பள்ளிக்கூடமே காணாதவர்களா? அல்லர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கிவிட்டார். ஆக, பள்ளி இருந்தது. பள்ளிக்குப் பிறகு? தையற்பொறி, அச்சுக்கோப்பு, புத்தகக் கட்டு – இவைதாம் இவர்களுக்கு ஏற்றவை என்று எவரோ எப்போதோ எழுதிவைத்தனர். அந்தத் தொழில்கள் இழிவானவை என்று நான் சொல்லவில்லை, உழைப்பிலே இழிவேது? தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உழைப்பவனிடம் இல்லாமற்போனதே, அதுதான் இழிவு!

எப்படி நேர்ந்தது இது? வரலாற்றைப் புரட்டிப் பார்த்திடுவோம்.

1880-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள். இத்தாலி நாட்டு மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றி உலக மாநாடு ஒன்று கூடிற்று. வந்திருந்த பேராளர் 164 பேர். அவர்களுள் காது கேளாதவர் எத்தனை பேர் தெரியுமா? ஒரே ஒருவர்! அந்த மாநாடு தீர்மானித்தது – கையால் பேசுவது கூடாது, வாயால் பேசவைப்பதே கல்வி என்று. பள்ளிகள் தோறும் சைகை மொழி விரட்டப்பட்டது. கணக்கும் அறிவியலும் கற்க வேண்டிய பருவம், உதட்டசைவைப் பழகுவதிலே கரைந்தது. அந்தத் தீர்மானங்கள் தவறென்று அதே மாநாட்டு வரிசையில் வந்த கனடா நாட்டு வான்கூவர் மாநாடு வருத்தம் தெரிவித்தது எப்போது? 2010-இல்! 130 ஆண்டுகள்! ஒரு தீர்மானத்தைத் திரும்பப் பெற நான்கைந்து தலைமுறைகள் விலை கொடுத்தன.

ஆனால், வேறொரு வழியும் இருந்தது. உள்நாட்டுப் போர் மூண்டு அமெரிக்கா அல்லலுற்றிருந்த 1864-ஆம் ஆண்டு ஏப்ரலில், காது கேளாதோர்க்குப் பட்டம் வழங்கும் உரிமையை வாஷிங்டன் நகரிலிருந்த கல்வி நிலையமொன்றுக்கு அளிக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். அதுவே இன்றைய காலடெட் பல்கலைக்கழகம். போர்ச்செலவு போதாதென்று கல்விச்செலவை அவர் ஒத்திவைக்கவில்லை என்பதை, நிதியில்லை என்று கைவிரிப்போர் கருதிப் பார்க்க வேண்டும்.

அங்கேயும் ஒரு குறை இருந்தது. 124 ஆண்டுகளாக அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் காது கேட்போரே அமர்ந்து வந்தனர். 1988 மார்ச்சில் மீண்டும் காது கேட்கும் ஒருவரே தேர்ந்தெடுக்கப்பட்டதும் மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். வாயில்களை அடைத்தனர், வகுப்புகள் நின்றன, நாடாளுமன்றக் கட்டடம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. ஒரே வாரம்! ஐ. கிங் ஜோர்டான், காது கேளாத முதல் தலைவராகப் பொறுப்பேற்றார். முழக்கமிடாத வாய்கள் பெற்ற வெற்றி அது, தோழர்களே!

தொழிற்கல்விக்கும் அங்கே வழி கண்டனர். 1965-இல் சட்டம் இயற்றி, 1968-இல் ரோச்செஸ்டர் நகரத் தொழில்நுட்பக் கல்லூரிக்குள்ளேயே காது கேளாதோர்க்கான தேசிய தொழில்நுட்ப நிலையத்தைத் திறந்தனர். காது கேட்கும் மாணவனும் கேளாத மாணவனும் ஒரே வகுப்பில் அமர்வர். ஆசிரியர் பேசப் பேச, அருகே நிற்கும் மொழிபெயர்ப்பாளர் அதனைச் சைகையில் தருவார். மாணவன் விழிகளால் பாடம் கேட்பான். குனிந்து எழுதினால் பார்வை விலகுமே என்பதால், அவனுக்காகக் குறிப்பெடுத்துத் தரவும் ஆளுண்டு. சலுகை அல்ல இது, ஏற்பாடு. இரவுப் பள்ளிக்கு விளக்கு எப்படியோ, அப்படி.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிலையங்களில் 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடையோர்க்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் ஒதுக்கச் சொல்கிறது. அரசுப் பணிகளில் 4 விழுக்காடு. அதில் 1 விழுக்காடு காது கேளாதோர்க்கும் கேட்கும் திறன் குறைந்தோர்க்கும். சைகை மொழி அறிந்த ஆசிரியரைப் பயிற்றி அமர்த்த வேண்டும் என்றும் அதே சட்டம் கட்டளையிடுகிறது. 2015-இல் டில்லியில் இந்தியச் சைகை மொழிக்கென ஆராய்ச்சி, பயிற்சி மையம் ஏற்பட்டது. 2018-இல் 3,000 சொற்களோடு வெளிவந்த அதன் அகராதி, 2021-இல் 10,000 சொற்களாக வளர்ந்தது.

எல்லாம் சரி. ஆனால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்து கிடக்கிறது. வேலையில் நூற்றுக்கு ஒன்று என்று எழுதியாயிற்று. பல வேலைகளுக்குப் பட்டமோ தொழிற்சான்றிதழோ வேண்டும். சான்றிதழுக்குக் கல்லூரி வேண்டும். கல்லூரியில் இடம் இருக்கிறது. அந்த இடத்திலே அமர்ந்தவனுக்கு விளங்கும் மொழி மட்டும் இல்லை! மொழியில்லா வகுப்பில் தரப்படும் இருக்கை, இலை போட்டுச் சோறு பரிமாறாத பந்தி.

கல்லூரிப் படிப்பை நடுவிலே நிறுத்த நேர்ந்தவன் நான். ஆயினும், அங்கிருந்த நாள்வரை ஆசிரியர் சொன்னது என் செவியில் விழுந்தது. காது கேளாத மாணவனுக்கு என்ன கிடைக்கிறது? ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் உதடும் மறைந்துபோகிறது. திரும்பாமல் நின்றால்தான் என்ன? ‘பாலை’ என்று சொல்லிப் பாருங்கள். ‘மாலை’ என்று சொல்லிப் பாருங்கள். கண்ணாடியில் உங்கள் உதடுகளைக் கவனியுங்கள். இரண்டும் ஒன்றே! ‘பணம்’, ‘மணம்’ – ஒன்றே! ‘படம்’, ‘மடம்’ – ஒன்றே! உதட்டைப் பார்த்துப் பட்டம் வாங்கு என்று சொல்பவர்கள் ஒரே ஒரு நாள் காதைப் பொத்திக்கொண்டு வகுப்பிலே உட்கார்ந்து பார்க்கட்டும்.

கையசைத்துப் பேசுவது மொழியா என்று ஏளனம் செய்வோரும் உண்டு. நாடகம் எழுதுகிறவன் என்ற முறையில் அவர்களுக்கு ஒன்று சொல்வேன். நாட்டிய மேடையிலே விரல்கள் தாமரையாக மலர்ந்தால் ‘ஆகா’ என்கிறீர்கள். அதே விரல்கள் பேருந்து நிலையத்தில் பசியையும் பாசத்தையும் பேசினால் சிரிக்கிறீர்கள். சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டென்று வில்லியம் ஸ்டோக்கோ 1960-லேயே ஆராய்ந்து எழுதினார். கையும் விழியும் முகமும் சேர்ந்து கட்டும் வாக்கியம் அது. தாய்மொழியிலே கற்பதன் அருமை அறிந்தவர்கள் நாம். காது கேளாதவனுக்கு அந்த அருமை வேறா?

இன்னொரு மறுப்பும் எழும். ‘காதுக்குள் கருவி பொருத்தும் அறுவை மருத்துவம் வந்துவிட்டதே, இனிச் சைகை மொழி எதற்கு?’ என்பர். வரட்டும், வளரட்டும் மருத்துவம்! ஆனால் பிறவியிலேயே காது கேளாதோரில் அதன் முழுப்பயன் மிக இளம்பருவத்திலே பொருத்தப்படும் குழந்தைக்கே. 18 வயதில் கல்லூரி வாயிலில் நிற்கும் இளைஞனிடம், ‘நீ பிந்திவிட்டாய், போய்வா’ என்பதா நமது விடை?

சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாத மாணவர்க்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. அடையாற்றில் அவர்களுக்கென்றே புனித லூயி கல்லூரி இயங்குகிறது. போற்றுகிறோம். ஆனால், சென்னைக்கு வந்து தங்க வசதியற்ற தென்காசிப் பெண் எங்கே செல்வாள்? வணிகவியலும் கணினியும் வேண்டாம், சட்டம் வேண்டும், வேதியியல் வேண்டும் என்பாளானால் எந்தக் கதவைத் தட்டுவாள்? 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தின் முன் தோன்றினார். நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வரலாமென்றால், மாவட்டத் தலைநகர்க் கல்லூரிக்கு வரக்கூடாதா?

தொழிற்பயிற்சி நிலையங்களின் நிலையும் இதுவே. பட்டறையிலே ஓசை மிகுதி. கேளாதவனுக்கு ஆபத்து என்று சொல்லி வெல்டர், டர்னர் பயிற்சியிலிருந்து விலக்கிவைப்பர். அத்தனை இரைச்சலில் காது கேட்பவனுக்கு மட்டும் எச்சரிக்கைக் குரல் கேட்டுவிடுமா? மணிக்குப் பதிலாக மின்னி அணையும் சிவப்பு விளக்கை வைத்தால் இருவர் உயிருக்குமே காவல்.

ஆகவே, நாம் கேட்பவை இவை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அரசுக் கல்லூரியிலேனும், ஓர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்திலேனும் ஊதியமும் நிலைத்த பதவியும் பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். அவர்களை உருவாக்கப் பயிற்சி வகுப்புகள் தமிழகத்திலேயே வேண்டும். படித்த காது கேளாதோரை ஆசிரியராக அமர்த்த வேண்டும். இவையனைத்தையும் வகுக்கும் குழுவிலே அவர்களே பெரும்பான்மையாக இருத்தல் வேண்டும். 164 பேரில் ஒருவர் என்ற மிலான் கணக்கு இனி எங்கும் வேண்டாம்!

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்பதா? தோழர்களே, உங்கள் ஊரிலே மேனிலைப் பள்ளி முடித்த காது கேளாத பிள்ளை எவர் என்று விசாரியுங்கள். அந்தப் பிள்ளையின் விருப்பத்தை அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். எழுதிக் காட்டுங்கள், எழுதித் தரச் சொல்லுங்கள். அடையாள அட்டை இல்லையெனில் பெற்றுத் தாருங்கள். பெற்றோரை அழைத்துக்கொண்டு கல்லூரி முதல்வரைக் காணுங்கள். 5 விழுக்காட்டை நினைவூட்டுங்கள். ‘இடம் சரி, மொழிக்கு என்ன ஏற்பாடு?’ என்று எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே விடை பெறுங்கள். நமது பொதுக்கூட்ட மேடைகளிலும் சொற்பொழிவாளர் அருகே ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் நிற்கட்டும். நாம் கேட்பதை நாமே முதலில் செய்து காட்டுவோம்.

ஆண்டுதோறும் கோடையில் சேர்க்கை விண்ணப்பங்கள் வருகின்றன. அடுத்த விண்ணப்பம் வருமுன் உங்கள் பட்டியல் அணியமாக இருக்கட்டும். அதில் ஒரே ஒரு பெயர் இருந்தாலும் போதும். அந்த ஒருவருக்காகக் கல்லூரிப் படியேறுங்கள்!