12 படுக்கைகளுக்கு நன்றி



வரும் திங்கட்கிழமை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் எனக்கு முதல் கீமோ. மார்பகத்தில் கட்டி. வெட்கப்பட்டு இரண்டு மாதம் வீட்டில் சொல்லாமல் மறைத்தேன். சகோதரிகளே, நீங்கள் மறைக்காதீர்கள்.

பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் மனசு தெம்பாக இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. 1955-இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் கண்மூடும்வரை அதற்காகவே வாழ்ந்தார். இருவரையும் நினைத்துக் கைகூப்புகிறேன்.

முடி கொட்டும் என்றார்கள். நேற்று மகள் எண்ணெய் தடவி, நிதானமாகப் பின்னலிட்டு, அதன்பிறகே கத்தரியை எடுத்தாள். பக்கத்து வீட்டு அக்கா கேழ்வரகு மாவு அரைத்து மூட்டை கட்டி வைத்திருக்கிறார். கொல்லை மாமரம் பூத்திருக்கிறது. பழுக்கும்போது ஊரில் இருப்பேன்.

– ஒரு வாசகி, மத்தூர், கிருஷ்ணகிரி மாவட்டம்