லித்தியம் கிடைக்கலையா? கீழ் வீட்டுக் கதவைத் தட்டலாமே!

'சார்ஜ் 12%' என்று மிரட்டும் உங்கள் போனுக்குள் வேலை பார்ப்பது லித்தியம். தனிம வரிசை அட்டவணையில் 3-வது தனிமம். உலோகங்களிலேயே எடை குறைந்தது. ஒரு கன சென்டிமீட்டர் லித்தியம் சுமார் அரை கிராம்தான் இருக்கும். 1991-ல் சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

சிக்கல் என்னவென்றால், நம்மிடம் லித்தியம் இல்லை. 2023 பிப்ரவரியில் ஜம்முவின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் தாது இருக்கலாம் என்று அறிவிப்பு வந்ததும் 'ஜாக்பாட்' என்று கொண்டாடினோம். அது முதல்கட்ட மதிப்பீடுதான் என்பதை யாரும் காதில் வாங்கவில்லை. ஏலம் விட்டபோது போதிய ஆட்கள் வரவில்லை. 2024-ல் ஏலமே ரத்தானது.

சரி, வேறு வழி? பதில் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருந்த அதே அட்டவணையில் இருக்கிறது. லித்தியத்துக்கு நேர் கீழ் வீட்டில் இருப்பது சோடியம்.

அட்டவணையில் மேலும் கீழுமாக ஒரே வரிசையில் இருக்கும் தனிமங்களுக்குக் குணம் ஒத்துப்போகும். லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றுக்கும் வெளிச்சுற்றில் ஒரே ஒரு எலக்ட்ரான். அதை எப்போது தள்ளிவிடலாம் என்று காத்திருக்கும் ரகம். அதனால்தான் மூன்றையும் கத்தியால் வெட்டலாம்; மூன்றும் தண்ணீரைக் கண்டால் சும்மா இருக்காது. பேட்டரிக்குத் தேவையானதும் இந்தக் குணம்தான்.

ஆனால் ஒரே குடும்பம் என்றாலும் உடல்வாகு வேறு. பள்ளி ஆய்வகத்தில் சோடியத்தை மண்ணெண்ணெயில் மூழ்க வைத்திருப்பார்கள். லித்தியத்தை அப்படி வைக்க முடியாது, அது மண்ணெண்ணெயிலும் மிதக்கும்! சோடியம் அணு, லித்தியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். அதன் அயனியும் பெரிசு. லித்தியம் சுலபமாக நுழைந்து வெளியேறும் கிராஃபைட் அடுக்குகளில் சோடியத்தால் சரியாகக் குடியேற முடியவில்லை. அதற்கு 'ஹார்ட் கார்பன்' என்ற வேறு கரி தேவை. வோல்டேஜும் கொஞ்சம் குறைவு. எனவே அதே சார்ஜுக்குப் பேட்டரி கனமாகும். உங்கள் அடுத்த போனில் சோடியம் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் எல்லா பேட்டரியும் பாக்கெட்டில் கிடக்க வேண்டியதில்லையே. சோலார் மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரி ஒரே இடத்தில் நிற்கிறது. அதன் எடையைப் பற்றி யாருக்கு என்ன கவலை? ஊருக்குள் ஓடும் ஆட்டோவுக்கும் 500 கி.மீ. ரேஞ்ச் வேண்டாம். சோடியமோ சாதாரண உப்பில் இருக்கிறது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு; தூத்துக்குடியில் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கிறது. ஹார்ட் கார்பனைத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் தயாரிக்கலாம். லித்தியம் பேட்டரியில் ஒரு பக்கம் செம்புத் தகடு கட்டாயம், ஏனென்றால் அங்கே அலுமினியத்தோடு லித்தியம் கலந்துவிடும். சோடியம் அப்படிச் செய்யாது. இரண்டு பக்கமும் விலை குறைந்த அலுமினியமே போதும்.

சீனாவின் சிஏடிஎல் நிறுவனம் 2021-லேயே சோடியம் பேட்டரியை அறிமுகப்படுத்திவிட்டது. 2022-ல் உச்சம் தொட்ட லித்தியம் விலை அடுத்த ஆண்டே சரிந்ததால் சோடியத்தின் மவுசு குறைந்தது உண்மை. ஆனால் விலை இறங்கியதைக் காட்டி இந்தியா சும்மா இருப்பது சரியான கணக்கல்ல. ஏறினால் நம் கையில் என்ன இருக்கிறது?

பேட்டரி உற்பத்திக்கென மத்திய அரசு 2021-ல் ரூ.18,100 கோடி ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தது. எந்தத் தொழில்நுட்பமானாலும் சரி என்பது அதன் விதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முப்பது ஆண்டு முன்னால் ஓடத் தொடங்கிய லித்தியத்தோடு, இப்போதுதான் ஷூ மாட்டும் சோடியத்தை ஒரே கோட்டில் நிறுத்தினால் ரிசல்ட் தெரிந்ததுதானே? சோடியத்துக்கென்று தனிப் பங்கு ஒதுக்க வேண்டும். சோலார் சேமிப்புக்கான அரசு டெண்டர்களில் ஒரு பகுதியையாவது அதற்குக் கொடுத்துத் தொடங்கலாம்.