மிளகாயின் கரிநோயும் விதைக்கலயமும்

தாவர நூலார் ஆந்த்ராக்னோஸ் என்று வழங்கும் நோயின் பெயர் கிரேக்கச் சொற்கள் இரண்டால் ஆயது. ஆந்த்ராக்ஸ் என்பது கரி. நோசோஸ் என்பது நோய். ஆதலின் இதனைக் கரிநோய் என்று நாம் கூறுதல் பொருந்தும். (சோளக்கதிரைக் கெடுக்கும் கரிப்பூட்டை வேறு, இது வேறு.) மா, வாழை, பப்பாளி, அவரை முதலிய பல பயிர்களை இந்நோய் பற்றுமெனினும், நம் மாணவர் பலருடைய இல்லங்களில் கல்லூரிச் சம்பளங் கட்டுவது மிளகாய்ப் பயிராதலின், அதனைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

மிளகாய்ச் செடியில் இந்நோய் இருவகையாய்த் தோன்றும். இளங்கொம்புகள் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து, வைக்கோல் நிறமடைந்து, மேலே கரும்புள்ளிகள் தூவினாற்போற் காணப்படும், பூக்கள் உதிரும். இது நுனிக்கருகல். பின்னர்ப் பழம் சிவக்குங் காலத்தில் அதன்மேல் வட்டமான பள்ளம் விழுந்து, அதனுள்ளே கருவளையங்கள் ஒன்றனுள் ஒன்றாய் அமையும். இது பழ அழுகல். இவ்விரண்டையும் வெவ்வேறு வியாதிகளென எண்ணி, வெவ்வேறு மருந்து கேட்போர் உளர். உண்மையில் இரண்டும் ஒரே பூஞ்சையின் செயலாம். 1913-ஆம் ஆண்டிலேயே கோயம்புத்தூர் மிளகாயினின்று இப்பூஞ்சை விவரிக்கப்பட்டுப் பெயரும் பெற்றது. அப்பெயர் பின்பு இருமுறை மாறி, 2009 முதல் கொலட்டோட்ரைக்கம் ட்ரங்கேட்டம் என வழங்குகின்றது. இவ்வினத்துப் பிற பூஞ்சைகளும் மிளகாயைக் கெடுப்பதாக இப்பொழுது அறிகின்றோம்.

வற்றலின் விலை அதன் நிறத்தைப் பொறுத்தது என்பதை இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் விளைப்போரிடம் எவரும் சொல்லித் தரவேண்டுவதில்லை. அம்மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. ஆயினும் கறைபட்ட பழத்தைக் குறியீடு காக்குமோ? களத்திற் காயவைத்த பின் நிறங்கெட்டவற்றைப் பெண்கள் குனிந்திருந்து பொறுக்கித் தனியே குவிக்கின்றனர். அக்குவியல் எத்துணைப் பெரிதோ அத்துணைக் குறைவு அவ்வாண்டின் வரவு.

கறையைக் கண்டவுடன் குடியானவர் மருந்துக் கடைக்கு ஓடுகின்றார். அவரை நான் குறை கூறேன். ஆனால் அப்பொழுது ஓடிப் பயன் மிகச் சிறிது. பூஞ்சை பசுங்காயிலேயே புகுந்து, ஓசையின்றித் தங்கி, காய் பழுத்த பின்னரே தன் வேலையைக் காட்டும் இயல்புடையது. பள்ளம் விழுந்த பழத்தை எம்மருந்தும் மீட்காது. அப்பள்ளத்திற் பசைபோல் ஊறும் வித்துக்கள் வறண்ட காற்றில் எளிதிற் பறப்பனவல்ல. மழைத்துளி தெறித்து அவற்றை அடுத்த செடிக்குக் கொண்டு செல்கின்றது. ஈரமும் மிதமான வெப்பமும் கூடிவிட்டால், அதாவது காலந்தவறிப் பெய்யும் ஒரு மழை போதும், நோய் வயல் முழுதும் பரவும்.

அந்நோய் வயலுக்கு முதலில் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் விதையிலிருந்தும், சென்ற போகத்துச் சருகிலிருந்துமே. பலர் விற்றது போக எஞ்சிய வற்றலினின்றும், மூட்டையின் அடியிற் கொட்டிக் கிடப்பதினின்றும் விதை எடுத்துக் கலயத்தில் வைக்கின்றனர். நோயுற்ற விதைகளுட் சில நிறம் மங்கியிருக்கும். சிலவோ நல்விதையினின்று வேறு பிரித்தறிய வொண்ணாதன. இங்ஙனம் நோயைத் தம் கையாலேயே நாற்றங்காலில் விதைத்துவிட்டு, நான்கு மாதங் கழித்து அதனைத் துரத்தப் பணஞ் செலவிடுகின்றனர். இதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. மருந்துக்கு விற்போர் உளர். ஊர்தோறும் அதன் விளம்பரம் உண்டு. கறையற்ற பழத்தைச் செடியிலேயே குறித்துவைத்துத் தனியே பறித்து விதையெடுக்குமாறு சொல்வதால் எவர்க்கும் இலாபமில்லை. ஆதலாற் சொல்வாரும் அரியர்.

இவ்வினத்தைச் சேர்ந்த மற்றொரு பூஞ்சை கரும்பிற் செவ்வழுகலை உண்டாக்குகின்றது. 1901-இல் கோதாவரிக் கழிமுகத்தில் அது காணப்பட்டது. 1906-இல் பட்லர் என்பார் அதனை ஆராய்ந்து எழுதினார். தடித்த தோலுடைய கரும்பினுள் மருந்து சென்று நோயைத் தீர்த்தல் அரிது. ஆகவே கரும்பு விளைப்போர் கரணையை நறுக்கிப் பார்த்து, உள்ளே சிவந்து இடையிடையே வெண்திட்டுக் கண்டால் எறிந்துவிடக் கற்றுக்கொண்டனர். கரும்பின் கரணைக்குச் செய்யும் இச்சோதனையை மிளகாய் விதைக்கு ஏன் செய்யலாகாது?

நல்விதை ஒன்றே போதுமென்று நான் வாதிப்பதாக எவரும் கொள்ளற்க. அயலார் வயலிலிருந்தும் நோய் வரும். மழை மிகுந்த ஆண்டில், நுனிக்கருகல் கண்ட மாத்திரத்தே லிட்டர் நீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸி குளோரைடு கலந்து, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை தெளித்தல் தக்கதே. காலத்தோடு தெளிப்பின் அது காக்கும். பழைய செடிகளைப் பிடுங்கி எரித்தலும், அடுத்த போகம் அதே நிலத்தில் மிளகாயோ தக்காளியோ வையாது கம்பு, சோளம் விதைத்தலும் வேண்டும். கறைபட்ட பழத்தை எரித்துவிடுக என்பாரும் உளர். அரைவிலையாவது தரும் பொருளைக் கடன்பட்டவர் எரிப்பாரென எதிர்பார்த்தல் முறையன்று. அதனை நல்ல பழத்தோடு கலவாது காயவைத்து, அதிலிருந்து விதை மட்டும் எடாதிருந்தாற் போதும். எடுத்த விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி சேர்த்து விதைத்தல் செலவு மிகாத வழி.

இங்கே நம் தாவர நூல் வகுப்பினர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. விதை நோயுற்றதா என்று அறிதற்குப் பெருஞ்சாதனம் வேண்டா. நனைத்த மையொற்றுத் தாளைக் கண்ணாடித் தட்டிலிட்டு, தட்டுக்கு 25 விதையாக 16 தட்டுகளில் 400 விதைகளைப் பரப்பி, ஏழு நாள் வைத்துப் பார்த்தால், நோயுற்றவற்றின்மேல் கருமுட்கள் செறிந்த சிறுபுள்ளிகள் பூதக்கண்ணாடியில் தெரியும். நம் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலிருந்து ஒரு பிடி விதை கொணர்ந்து, நூற்றுக்கு எத்தனை நோயுற்றவை என்று கணக்கிட்டு, அவ்வெண்ணை வீட்டாரிடம் அறிவிக்கட்டும். கடைக்காரர் சொல்லினும் அவ்வெண்ணுக்கு மதிப்பு மிகுதி. குண்டு மிளகாய்க்குப் புரட்டாசியில் விதைப்புத் தொடங்குதலால், ஆடி மாதத்திலேயே இதனை முடித்தல் வேண்டும். அப்பொழுது கல்லூரி திறந்தே இருக்கும். தட்டுகளும் பரிசோதனைச் சாலை அலமாரியிற் சும்மாவே கிடக்கும்.