சூப்பர்மேன் யார் பக்கம்?

ஆகாயத்தில் பறக்கும் வீரன் சூப்பர்மேனை வைத்து அமெரிக்காவில் 1941 முதல் 1943 வரை 17 கார்ட்டூன் படங்கள் வெளிவந்தன. ஒளியும் நிழலும் கலந்த அவற்றின் சித்திர வேலை உயர்ந்தது. அதைக் குறை சொல்வதற்கில்லை.

கதையில்தான் கோளாறு. 1938-ல் பத்திரிகைச் சித்திரக் கதையில் பிறந்த சூப்பர்மேன், அந்த வருஷமே, பாதுகாப்புக்குக் காசு செலவிடாத சுரங்க முதலாளியை அவனுடைய சுரங்கத்திலேயே சிக்கவைத்துப் பாடம் புகட்டினான். திரைக்கு வந்ததும் அந்த முதலாளி மறைந்துவிட்டான்; பித்துப்பிடித்த விஞ்ஞானியும் கொள்ளைக்காரனும் எதிரிகளானார்கள். 1942-ல் வந்த ஒரு படம் ஜப்பானிய இனத்தையே இழிவு செய்தது. பாஸிஸத்தை எதிர்ப்பது வேறு, ஒரு நாட்டு மக்களைப் பழிப்பது வேறு. மக்கள் வேடிக்கை பார்க்க, ஒருவனே காப்பாற்றுவதுதான் படத்துக்குப் படம் கதை.

இப்படங்களை எடுக்கத் தொடங்கிய பிளெய்ஷர் கம்பெனியின் சித்திரத் தொழிலாளர்களைக் காப்பாற்ற எவனும் பறந்து வரவில்லை. 1937-ல் நியூயார்க்கில் சுமார் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்து, சங்கத்துக்கு அங்கீகாரம் பெற்றவர்கள் அவர்களே. மறுவருஷமே கம்பெனி, சங்கபலம் குன்றிய மியாமிக்கு மூட்டை கட்டியது. சங்கம் எல்லா ஊரிலும் வேண்டும் என்பதே இதன் பாடம்.

படத்தைப் பிள்ளைகளோடு பாருங்கள். அந்த வேலைநிறுத்தத்தின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்!