உங்கள் இல்லம் எந்த வகுப்பு?

வீட்டு வரி கட்டும் காலம் வந்துவிட்டால் காக்ஸ் டவுன் வாழ் அன்பர்கள் நம்மிடம் வினவுவது பெரும்பாலும் ஒன்றே: "எவ்வளவு கட்டுவது?" அதற்கு முன்னர்க் கேட்க வேண்டியது மற்றொன்று உளது. நம் வீட்டை எந்த வகுப்பில் வைத்திருக்கிறார்கள்?

உயர்திணை, அஃறிணை எனப் பகுத்த மொழியில் பிறந்தோர்க்கு வகைப்பாடு புதிதன்று. ஆயினும் இலக்கணத்தில் திணை பிழைத்தால் ஆசிரியர் திருத்துவார். வரியில் வகுப்பு பிழைத்தால் கைப்பொருள் கரையும்.

2008-ஆம் ஆண்டு பெங்களூர் மாநகராட்சி கொண்டுவந்த முறையில், நிலத்தின் வழிகாட்டி மதிப்பைக் கொண்டு நகரம் ஆறு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் வீடும் பகுக்கப்பட்டது. உரிமையாளர் குடியிருக்கும் பகுதிக்கு ஒரு விகிதம். வாடகைக்கு விட்ட பகுதிக்கு அதனினும் மிகுதி. தரையும் தப்பவில்லை. மெட்ராஸ் டெரஸ் வீட்டில் சிமெண்டுத் தரையோ சிவப்பு ஆக்ஸைடு தரையோ இருந்தால் ஒரு வகுப்பு. அதைப் பெயர்த்துப் பளிங்கு பதித்தால் மேல் வகுப்பு. பாட்டனார் இழைத்த சிவப்புத் தரைக்கு இப்படியும் ஒரு மரியாதை!

இவற்றையெல்லாம் எழுதிக் கொடுப்பவர் உரிமையாளரே; சுயமதிப்பீடு என்பது அதன் பெயர். இடரும் அங்கேதான் பிறந்தது. 2016-இல் மண்டலங்கள் திருத்தப்பட்டன. பலர் பழைய மண்டலத்தின்படியே கட்டிவந்தனர். 2021-இல் ஏறத்தாழ 78,000 பேருக்கு வித்தியாசத் தொகையும் அபராதமும் வட்டியும் கேட்டு அறிவிப்புச் சென்றது. "கணினி காட்டிய மண்டலத்தைத்தானே ஏற்றோம்?" என்றனர் மக்கள். அபராதத்தையும் வட்டியையும் நீக்க அரசு பின்னர் முன்வந்தது. அதற்குள் எத்தனை வீடுகளில் உறக்கம் கெட்டதோ!

மாற்றுத்திறனாளர் விளையாட்டில் முறை வேறு. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்து, பெங்களூரில் பயின்ற மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோ நகரில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றது டி-42 பிரிவில். வீரர் தம் பிரிவைத் தாமே எழுதிக்கொள்ள இயலாது. பயிற்சி பெற்ற குழுவினர் உடலை ஆராய்ந்து தீர்மானிப்பர், ஆட்சேபிக்கவும் வழியுண்டு. 2021-இல் டோக்கியோவில் அவர் வெள்ளி வென்ற போட்டிக்கு டி-63 என்று பெயர். இடையில் பிரிவுகள் அங்கும் திருத்தப்பட்டன. ஆனால் களத்தில் இறங்கும் முன்பே அஃது அனைவர்க்கும் தெரிந்திருந்தது. வரி செலுத்துவோர்க்கும் அவ்வளவேனும் வேண்டாவோ?

2025-இல் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்துவிட்டது. ஆகவே அன்பர்கள் பழைய ரசீதுகளை எடுத்து மண்டலத்தையும் வகுப்பையும் ஒருமுறை பார்த்துவிடுவது நன்று. குறிப்பாக, வாடகைக்கு விட்டிருந்த மாடியை இப்போது மகனுக்கு ஒதுக்கியிருப்போர், அஃது இன்னும் வாடகைக் கணக்கிலேயே நிற்கிறதா என்று காண்க.